சோமசேகரன் வீட்டுப் பல்லி

சோமசேகரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்றால் எனக்கு ஒன்றுதான் தேறும். கையெழுத்து அழகாக இருக்கும். அந்தக் கையெழுத்துதான் கடைசியில் அவரைக் காட்டிக் கொடுத்தது என்பதால் அதையும் நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பெயர் அறிவுச்செல்வன். தீயணைப்புப் பணியில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். காரைக்காலில் எங்கள் நகரில் சோமசேகரன் எனக்கு எதிர்வீடு. நடுவில் ஒரு சிமெண்ட் ரோடு, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக அந்த மனிதரின் குரல் ரோட்டைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. எத்தனையோ நெருப்பை அணைத்திருக்கிறேன். அந்த வாயை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அம்பகரத்தூர்க்காரர். அப்பா நெல் போட்டு வளர்த்த குடும்பம். இவர் வயலில் கால் வைத்ததே போட்டோ எடுக்கத்தான் என்று இவருடைய சொந்தத் தம்பியே சொல்வார். படித்தார், ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார், சூப்பரிண்டெண்டாக வெளியே வந்தார். தான் இல்லாவிட்டால் அந்த ஆபீஸே இல்லை என்பார். அவர் வெளியே வந்து எட்டு வருஷம் ஆகிறது, ஆபீஸ் அதே இடத்தில்தான் இருக்கிறது, முன்பைவிடக் கொஞ்சம் வேகமாகவே வேலை நடக்கிறதாம். ஓய்வு பெற்ற கையோடு எங்கள் நகர் நலச் சங்கத்துக்குச் செக்ரட்டரி ஆனார். வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம். அதனால் எட்டு வருஷமாக அவரேதான்.

அவருக்கு இரண்டு வியாதி. ஒன்று மைக். கொடியேற்றமோ, கோலப்போட்டியோ, கொசு மருந்து அடிக்க ஆள் வந்ததோ, எதுவானாலும் சங்கத்துக் கொட்டகையில் அந்தக் கம்பியில்லாத மைக்கைக் கையில் எடுத்துவிடுவார். எதிரே பத்தடியில் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு எதற்கு மைக்? தன் குரல் இரண்டாவது தடவையும் தன் காதில் விழவேண்டும், அதற்குத்தான்.

இன்னொன்று, பெயர் எழுதுவது. சங்கத்துச் சாமான் ஒன்று விடாமல் நீல மார்க்கரால் ‘சங்கம்’ என்று எழுதி நம்பர் போடுவார். நாற்காலி, வாளி, கத்தரிக்கோல், மைக்குக்குப் போடும் சதுர பேட்டரி வரைக்கும். பேட்டரியை எவன் சார் திருடப்போகிறான் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். பொதுச் சொத்தின் அருமை எனக்குப் புரியாது என்று பதில் வந்தது.

இவருக்கு வாழ்க்கைப்பட்டவர் தையல்நாயகி. அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டில் பேச மீதி இடம் எங்கே இருக்கிறது? நன்றாகச் சமைப்பார். சமையற்கட்டு ஒன்றுதான் அவருடைய சொந்த இடம், அங்கே மட்டும்தான் சோமசேகரன் உள்ளே வந்து உபதேசம் செய்யமாட்டார், வியர்க்கும். கொரோனா வந்துபோனதில் தையல்நாயகிக்கு மோப்பம் போய்விட்டது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. இவருக்கு வரவே இல்லை. மல்லிகைப்பூவும் ஒன்றுதான், கேஸ் கசிவும் ஒன்றுதான். பால் பொங்கித் தீய்ந்து தெருவே மூக்கைப் பிடிக்கும், இவர் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பார். குக்கரில் தண்ணீர் சுண்டிப் பருப்பு கரியானபோது என் மனைவிதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

அன்றைக்கு எங்கள் வாசலில் நின்று தையல்நாயகி சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “பயமா இருக்குண்ணே. தீய வச்சிடுவேன்னு மட்டும் இல்ல. இனிமே அடுப்பத் தொடாதேன்னு ஒருநாள் சொல்லிடுவாங்க. அப்புறம் அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு?”

சோமசேகரன் இதற்கு என்ன செய்தார்? சங்க ஆண்டு விழாவில் மைக்கில் ஜோக் அடித்தார். தன் மனைவிக்கு மூக்கு வேலை செய்யவில்லை, தனக்கு வாய் வேலை செய்கிறது, ஆக மொத்தம் குடும்பம் ஓடுகிறது என்றார். சிரித்தார்கள், வெட்கங்கெட்ட ஜனங்கள். தையல்நாயகி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் சிவப்ரியாதான் கடைசியில் ஒரு புகை அலாரம் வாங்கி அனுப்பினாள். சின்னத் தட்டு அளவில் வெள்ளையாக ஒரு சாமான். புகை பட்டால் தெருமுனை வரை கேட்கிற மாதிரி அலறும். என்னை போனில் கூப்பிட்டு, “மாமா, நீங்களே மாட்டிக் குடுங்க. அப்பாகிட்ட விட்டுடாதீங்க” என்றாள். பெற்ற பெண்ணுக்குத் தெரியாதா!

ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். பூஜை அறையில்தான் மாட்டவேண்டும், அதுதான் மங்களம் என்றார் சோமசேகரன். பிறகு, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வாசல் வராந்தாவில் மாட்டலாமே என்றார். நான் காதில் வாங்கவில்லை. சமையற்கட்டுக்குள் மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் கத்தும். ஃபேனுக்குப் பக்கத்தில் மாட்டினால் காற்று புகையைத் தள்ளிவிடும். சமையற்கட்டுக் கதவுக்கு வெளியே, அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி, தலைக்கு மேலே ஹால் மச்சில் இடம் பார்த்து ஸ்க்ரூ அடித்தேன். மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். தூசி படாமல் இருக்கட்டுமாம். அந்த வீட்டில் சோபா, ரிமோட், ஃபிரிட்ஜ் கைப்பிடி எல்லாம் இன்னும் உறைக்குள்தான் இருக்கின்றன. தூசி படாதுதான், புகையும் படாது என்று சொல்லி உறையைக் கிழித்தெறிந்தேன்.

பேட்டரியைப் போடும் முன்னால் அதன் முதுகில் அன்றைய தேதியைக் கறுப்பு மார்க்கரால் எழுதினேன். அது என் வேலைப் பழக்கம், எப்போது போட்டது என்று தெரியவேண்டும். பிறகு நான் ஒரு மடத்தனம் செய்தேன். பேட்டரியைத் தூக்கிக் காட்டி, வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், நம் சங்கத்து மைக்குக்குப் போடுகிற அதே பேட்டரிதான் என்று அந்த மனிதரிடம் சொன்னேன். யார் கேட்டார்கள் என்னை?

தையல்நாயகி அதை ஒரு பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை தோறும் காலையில் ஒட்டடைக் குச்சியின் அடிமுனையால் நடுவிலிருக்கும் பொத்தானை அமுக்குவார். அது கீ கீ என்று அலறும். எங்கள் வீட்டில் அதைக் கேட்டுத்தான் எட்டு மணி என்று தெரிந்துகொள்வோம். மாதம் ஒருமுறை ஸ்டூலில் ஏறி உலர்ந்த பிரஷ்ஷால் சுற்றியுள்ள இடுக்கைத் தட்டிவிடுவார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அதுவாகவே கத்தும். மற்ற வீட்டில் எரிச்சல்படுவார்கள். இவர் தூபக்காலோடு அதன் கீழே நின்று சிரிப்பார். சாம்பிராணி நல்லா வந்திருக்குன்னு இது சொல்லித்தாண்ணே எனக்குத் தெரியுது என்பார். தனியாகச் சமைத்தார், வடை சுட்டார், எங்களுக்கும் கொடுத்தனுப்பினார். ஏழு மாதம் அந்த வீட்டில் ஒரு பால் தீயவில்லை.

சோமசேகரனுக்கு அது பிடிக்கவில்லை. தன்னைத் தவிர இன்னொரு சத்தம் அந்த வீட்டில் உயரமான இடத்தில் இருப்பதா!

நவம்பர் ஒன்றாம் தேதி வந்தது. விடுதலை நாள், பிரெஞ்சுக்காரரிடமிருந்து எங்கள் ஊர் விடுபட்ட நாள், ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் கொடி ஏற்றினார்கள். தையல்நாயகி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். செக்ரட்டரி மைக்கை எடுத்து ‘பேரன்புமிக்க’ என்றார், மைக் செத்துவிட்டது. பெட்டியில் மாற்று பேட்டரி இல்லை. சங்கத் தலைவர் மதார் சாகிப், திருமலைராயன்பட்டினத்து மனிதர், பொறுமைசாலி, மைக் இல்லாமலே பேசிவிடலாமே என்று பதமாகச் சொல்லிப் பார்த்தார். மைக் இல்லாமல் சோமசேகரனா? இரண்டே நிமிஷம் என்று வீட்டுப் பக்கம் ஓடினார். அறுபத்தெட்டு வயதில் அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி வந்து நாற்பது நிமிஷம் பேசினார்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவர் வீட்டு ஹாலில் நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘கீச்’ என்று ஒரு சத்தம்.

இதை நான் பின்னால் தையல்நாயகி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஈஸி சேரில் சாய்ந்து, அடுத்த தேர்தலிலும் செக்ரட்டரி பதவி தனக்குத்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கீச். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, “பாத்தியா, பல்லி சொல்லுது” என்று நாற்காலிக் கையில் மூன்று தட்டுத் தட்டியிருக்கிறார். சொன்னது பலிக்குமாம். பஞ்சாங்கத்தை எடுத்துக் கிழமையையும் திசையையும் பார்த்தால் லாபம் என்று போட்டிருந்ததாம். அதற்குப் பிறகு வீட்டில் அவர் எது சொன்னாலும் பல்லி ஆமாம் போட்டது. போடாமல் என்ன செய்யும்? மனிதர் வாய் மூடுவதே இல்லை, அது நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்துகிறது, எப்படியும் ஏதோ ஒரு வாக்கியத்தின் வாலில் விழத்தான் செய்யும்.

அலாரத்திலிருந்துதான் சத்தம் வருகிறது என்று தையல்நாயகி சொல்லியிருக்கிறார். அலாரத்துக்குப் பின்னால் பல்லி குடியிருக்கிறது என்று விளக்கம் வந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டுக் காட்டலாமே என்றாராம். ஒரு பல்லியைப் பார்க்கத் தீயணைப்பு வண்டியா என்று கேட்டு அதற்கும் தானே சிரித்துக்கொண்டாராம். பல்லி கத்துவது ஒரு மாதிரி, இது கத்துவது ஒரு மாதிரி, காது உள்ளவனுக்கு வித்தியாசம் தெரியும்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. புதன்கிழமை டீக்கடையில், மதார் சாகிப்பும் பக்கத்தில் இருக்க, என்னிடமே வந்து பீற்றிக்கொண்டார். தன் வீட்டுப் பல்லி சத்திய வாக்கு சொல்லும் பல்லி என்றும், மணி அடித்த மாதிரி நிமிஷத்துக்கு ஒருமுறை சொல்கிறது என்றும் நீட்டி முழக்கினார். நிமிஷத்துக்கு ஒருமுறை! முப்பத்தொரு வருஷம் நெருப்போடு கிடந்தவன் அந்த வார்த்தையைக் கேட்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்கவேண்டும். பேட்டரி தீரப்போகிறது, மாற்று மாற்று என்று அந்தச் சாமான் கெஞ்சுகிற சத்தம் அது. நானோ, அந்த வீட்டில் பல்லிக்குக்கூட வாயை மூடத் தெரியவில்லை போலிருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு டீயைக் குடித்தேன். அறிவுச்செல்வன் என்று பெயர் வைத்த என் அப்பா பாவம்.

வியாழக்கிழமை பல்லி நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கிப் பார்க்கிறேன் என்று தையல்நாயகி குச்சியை எடுத்திருக்கிறார். சனிக்கிழமை அமுக்கிக்கொள்ளலாம், தினம் அமுக்கினால் தேய்ந்துபோகும் என்று சோமசேகரன் தடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். சாம்பிராணி போட இன்னும் நேரமிருக்கிறது என்று தையல்நாயகி வடைக்கு வாணலியில் எண்ணெய் காயவைத்தார். படுக்கையறையில் போன் அடித்தது. சிவப்ரியா. எடுத்துப் பேச உட்கார்ந்தார். அலாரம் இருக்கிறது என்ற தைரியம்தான், வேறென்ன? ஏழு மாதமாக இருந்த தைரியம். சோமசேகரன் டீக்கடையில் இருந்தார்.

எங்கள் மாடியில் துணி எடுக்கப்போன நான் எதிர்வீட்டுச் சமையற்கட்டுக் காற்றுப்போக்கியின் ஓட்டை வழியாகக் கரும்புகை வருவதைப் பார்த்தேன். எண்ணெய்ப் புகை. எனக்கு அது தூரத்திலிருந்தே தெரியும். ஓடினேன். வாணலியிலிருந்து தீ ஆளுயரத்துக்கு நின்றது, பக்கத்து அலமாரியில் பிளாஸ்டிக் டப்பாக்கள் உருகி ஒழுகின. தையல்நாயகி தீ சடசடக்கும் சத்தம் கேட்டு எனக்கு முன்பே உள்ளே போய் வாணலியைப் பிடித்து இழுக்கப் பார்த்திருக்கிறார். இடது கை முழங்கை வரை வெந்துவிட்டது. அவரை வெளியே தள்ளி, கேஸை மூடி, பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்து வாணலியை மூடினேன். அந்த நேரத்தில் நம் செக்ரட்டரி வந்தார், கையில் ஒரு வாளித் தண்ணீரோடு, எரிகிற எண்ணெயில் ஊற்ற. வாளியை எட்டி உதைத்தேன். அந்த உதையில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, மறைப்பானேன்!

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். ஹாலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். ஆள் கூடினால் அவருக்குப் போதுமே. “மூக்கு செத்தவ கையில அடுப்பக் குடுத்தது என் தப்புங்க” என்று ஆரம்பித்தார். இனி இவள் அடுப்பைத் தொடக்கூடாது, மகள் வீட்டுக்கு அனுப்பிவிடப்போகிறேன், சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் சொல்லிவிடப்போகிறேன் என்று அறிக்கை வாசித்தார். தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டு, “தப்பு என்னோடதுதாண்ணே” என்றார்.

எல்லோரும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை புகைக்கு அலாரம் ஏன் கத்தவில்லை? ஹால் மச்சு கறுத்துக் கிடக்கிறது. ஸ்டூலில் ஏறி அதைத் திருகிக் கழற்றினேன். உள்ளே பேட்டரி இருந்தது. என் தேதி அதில் இல்லை. நீல மார்க்கரில், முத்து முத்தான எழுத்தில், ‘சங்கம் 4’ என்று எழுதியிருந்தது.

அதைத் தையல்நாயகியின் நல்ல கையில் வைத்தேன். அவர் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார். இது என்ன சார் என்று சோமசேகரனைக் கேட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. “விடுதலை நாளுக்கு எடுத்தேங்க. பொதுக்காரியம். அதுலயும் கொஞ்சம் சார்ஜ் இருக்கத்தானே செஞ்சுது? இவ அடுப்பப் பாத்திருந்தா பேட்டரி எதுக்கு?”

முகத்தில் துப்பியிருக்கலாம். அந்த அம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கடையில் புது பேட்டரி வாங்கி வருகிறேன் என்றேன். தையல்நாயகி தலையை ஆட்டினார். “வேணாண்ணே. என்னோடது எங்க இருக்குன்னு தெரிஞ்சிபோச்சு. நானே எடுத்துக்கிறேன்.” அப்போது எனக்கு அது விளங்கவில்லை. சமையற்கட்டே கரிக்கட்டையாகக் கிடந்ததால் இரண்டு நாள் எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மழைநீர் வடிகால் பற்றிப் பேசுவதாக இருந்தது. செக்ரட்டரி தலைப்பை மாற்றிவிட்டார். என்ன தலைப்பு தெரியுமா? இல்லங்களில் தீ விபத்துத் தடுப்பு! வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்த மனிதர் ஒரு மாதம் வெளியே தலைகாட்டியிருக்கமாட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மைக்கோடு நின்றார். நம் வீட்டுப் பெண்கள் கவனமாக இருக்கவேண்டும் என்றார். தன் வீட்டையே உதாரணம் காட்டுவதில் தனக்குத் தயக்கம் இல்லை என்றார். அலாரம் மாதிரியான நவீன சாதனங்களை நம்பி ஏமாறக்கூடாது என்றார்.

மூன்றாவது வரிசையிலிருந்து தையல்நாயகி எழுந்தார். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக அவரிடம் போய் வலது கையை நீட்டினார். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தார் போலும், பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தார். தையல்நாயகி அதில் பேசவில்லை. மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடிமூடியைத் திருகினார். பேட்டரி உள்ளங்கையில் விழுந்தது. அதன் முதுகில் என் கறுப்புத் தேதி எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. மைக்கைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார்.

“இது என் மூக்குங்க. எடுத்துட்டுப் போறேன். நாளைலேருந்து நாந்தான் சமைப்பேன்.”

மைக் இல்லாமல் சொன்னார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. படி இறங்கி வீட்டைப் பார்க்க நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். செக்ரட்டரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், செத்த மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு. என் காதில் ஒன்றும் விழவில்லை.

அலாரத்தின் இடுக்கில் படிந்திருந்த கரியை பிரஷ்ஷால் தட்டினேன், பேட்டரியைப் போட்டேன், மச்சில் மாட்டித் திருகினேன். இரண்டொரு மாதத்தில் இதை மாற்றிப் புதிதே வாங்கவேண்டும், இத்தனை கரி குடித்த சாமான் என்று சொன்னேன். சரி என்றார். ஒட்டடைக் குச்சியை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். அலறியது. வழக்கமாக உடனே குச்சியை இறக்கிவிடுவார். அன்றைக்கு இறக்கவில்லை. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

பிறகு மதார் சாகிப் வந்து மீதியைச் சொன்னார். அந்தச் சத்தம் கொட்டகைக்குள் கணீரென்று கேட்டதாம். செக்ரட்டரி மைக்கைப் பிடித்தபடி நின்றாராம். கடைசியில் மதார் சாகிப்தான், “இது பல்லி இல்லீங்களே, செக்ரட்டரி” என்றாராம்.